நாலு தடவை கட்டிய பச்சை லைட்

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். கீழே ஒரு குடித்தனம், முதல் மாடியில் நாங்களும் இன்னொரு வீடும், அதற்கு மேலே ஒன்று. எல்லோருக்கும் சேர்த்து ஒரே சம்ப், மொட்டை மாடியில் ஒரே ஆயிரம் லிட்டர் டேங்க். மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டு ஆயாவின் கதவை ஒட்டி இருக்கிறது. போடுவதும் நிறுத்துவதும் ஆயாதான். டேங்க் நிரம்பியது எப்படித் தெரியும் என்றால், ஓவர்ஃப்ளோ பைப்பிலிருந்து பக்கத்து வீட்டு ஷீட்டில் தண்ணீர் விழும், அந்த வீட்டுக்காரர் கத்துவார், ஆயா நிறுத்துவார். பல வருஷமாக இதுதான் எங்கள் லெவல் இண்டிகேட்டர்.

நான் காசிமேட்டுப் பக்கம் ஐஸ் கம்பெனிகளில் மோட்டார் பேனல் வேலை பார்க்கிறவன். பேனல் கதவில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பேஸ் லைட் மாட்டுவது தினப்படி வேலை. ஆனால் அது கடையில் ரெடிமேடாக வரும். ஓட்டை போட்டு, நட்டு முறுக்கி, இரண்டு ஒயரை மாட்டினால் முடிந்தது. எல்இடியை நேரடியாக 230 வோல்ட்டில் எரிய வைக்கும் வேலையை நானே உட்கார்ந்து செய்தது ஆயாவுக்காகத்தான். நாலு தடவை செய்தேன். ஏன் நாலு தடவை என்பதுதான் இந்தப் பதிவு.

திட்டம் சுலபமானது: டேங்க் நிரம்பினால் கீழே ஆயாவுக்குப் பச்சை லைட் எரிய வேண்டும். டேங்கில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச். தண்ணீர் மேலே வந்தால் மிதவை நிமிர்ந்து உள்ளே காண்டாக்ட் சேரும். கீழிருந்து பேஸ் ஒரு கோரில் (கேபிளுக்குள் இருக்கும் தனி ஒயர்) மேலே போய், ஃப்ளோட் வழியாக இன்னொரு கோரில் திரும்பி வரும். அந்தத் திரும்பும் ஒயருக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் பச்சை எல்இடி. மூன்று கோர் கேபிள், கிட்டத்தட்ட இருபது மீட்டர். மூன்றாவது கோரை எர்த்தில் கட்டினேன்.

முதல் லைட்டில் இருந்தது ஒரு பச்சை எல்இடி, கரண்டை மட்டுப்படுத்த ஒரு 47 கிலோ ஓம் ஒரு வாட் ரெசிஸ்டர், அவ்வளவுதான். கணக்கும் போட்டேன். 230 என்பது சராசரி மாதிரியான எண். வீட்டுக் கரண்ட் திசை மாறி மாறி வரும் அலை, அந்த அலையின் உச்சி 325 வோல்ட். 325-ஐ 47 ஆயிரத்தால் வகுத்தால் 7 மில்லி ஆம்பியர். இப்போது வரும் தெளிவான மூடி வைத்த பச்சை எல்இடிக்கு அது தாராளம். எரிந்தது. ஆயா வெளியே வந்து பார்த்து, "முனீஸ்வரன் கோயில் சீரியல் லைட்டாட்டம் கீது" என்றார். மூன்று வாரம் எரிந்தது. அப்புறம் மங்கியது. ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு ஷீட்டில் தண்ணீர் விழுந்தது, லைட் இல்லை.

கழற்றிப் பார்த்தேன். ரெசிஸ்டருக்குக் கீழே டாட் போர்டு (பாகங்களைப் பற்றவைக்கும் ஓட்டை அட்டை) காபி கொட்டின மாதிரி பழுப்பாகி இருந்தது. அது எதிர்பார்த்ததுதான்; 230-ஐ 230-ஆல் பெருக்கி 47 ஆயிரத்தால் வகுத்தால் 1.1 வாட், நான் போட்டது ஒரு வாட். ஆனால் ரெசிஸ்டர் சாகவில்லை, மீட்டரில் இன்னும் 47 கிலோ ஓம்தான். செத்தது எல்இடி. மல்டிமீட்டரை டையோடு முறையில் வைத்துத் தொட்டால் எரியவில்லை. ஓம் முறையில் வைத்தால் நேராகத் தொட்டாலும் திருப்பித் தொட்டாலும் ஏதோ சில கிலோ ஓம். அதாவது இரண்டு பக்கமும் ஒழுகுகிறது. எல்இடி என்பது கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒருவழிக் கதவு, இப்போது கீல் போய் இரண்டு பக்கமும் ஆடுகிறது.

இங்கேதான் நானும், என்னைப் போலப் பலரும் தப்பாக யோசிக்கிறோம். "ரெசிஸ்டர் மீதி வோல்ட்டை எல்லாம் தின்றுவிடும், எல்இடிக்கு மூன்று வோல்ட்தான் கிடைக்கும்" என்று நினைக்கிறோம். அலையின் பாதி நேரம் அது உண்மை. மீதிப் பாதியில் எல்இடி தலைகீழாக இருக்கிறது, கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாவிட்டால் ரெசிஸ்டரில் ஒரு வோல்ட்கூடக் குறையாது.

தண்ணீர்ப் பைப்பை வைத்து யோசித்தால் எனக்குச் சட்டென்று விளங்குகிறது. அரை அங்குலப் பைப்பில் நீளமாக இழுத்துக் கீழ்வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தால், குழாயைத் திறக்கும்போது சன்னமாகத்தான் வரும். வழியிலேயே அழுத்தம் உரசிக் கரைந்துவிடுகிறது. அதே குழாயை இறுக்கி மூடிப் பாருங்கள். மொட்டை மாடி டேங்கின் முழு உயரமும் அந்த வாஷர் மேல் உட்கார்ந்திருக்கும். பைப் எவ்வளவு சன்னம் என்பது அப்போது பொருட்டே இல்லை, ஏனென்றால் ஓட்டம் இல்லை. ரெசிஸ்டர்தான் அந்தச் சன்னப் பைப். தலைகீழாகத் திரும்பிய எல்இடிதான் மூடிய குழாய்.

சாதாரண எல்இடியின் தரவுத்தாளில் தலைகீழ் வோல்டேஜ் வரம்பு என்று 5 வோல்ட் போட்டிருப்பார்கள். நான் அதன் மேல் ஒவ்வொரு நொடியும் ஐம்பது தடவை 325 வோல்ட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தைத் தாண்டிய உடனே வெடித்துவிடாது, அதனால்தான் நாம் ஏமாறுகிறோம். ஒவ்வொரு எல்இடியும் எங்கோ ஓர் இடத்தில் உடைந்து கரண்டைத் திருப்பி விடும். ஒரு பேச்சுக்கு அது 40 வோல்ட்டில் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் 6 மில்லி ஆம்பியர் தலைகீழாக ஓடும். நாற்பதால் பெருக்கினால் 240 மில்லிவாட். நேராக எரியும்போது அதே உச்சியில் அது தாங்குவது 3 வோல்ட், 7 மில்லி ஆம்பியர், ஆக 21 மில்லிவாட். வெளிச்சம் தராத பாதியில்தான் பத்து மடங்குக்கு மேல் அடி வாங்குகிறது. அதுவும் சில்லு முழுக்கப் பரவாமல் ஏதோ ஒரு பலவீனமான புள்ளியில் குவிந்து விழும் அடி. பழைய மங்கல் சிவப்பு எல்இடிகள் இந்த அநியாயத்தைக் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளும். இப்போதைய பச்சை, நீலம், வெள்ளைக்கு அந்தப் பொறுமை இல்லை.

இது தெரிந்த பிறகு ஐஸ் கம்பெனிக் குப்பைப் பெட்டியிலிருந்து செத்துப்போன பேனல் லைட் இரண்டை எடுத்துவந்து உடைத்தேன். ஒன்றில் நாலு டையோடு (வெளிச்சம் தராத ஒருவழிக் கதவு) வைத்து பிரிட்ஜ் கட்டி, அதற்குப் பிறகு எல்இடியை வைத்திருந்தார்கள். பிரிட்ஜுக்குப் பிறகு தலைகீழ் என்ற பேச்சே இல்லை, இரண்டு பாதியும் நேராகவே வரும். நொடிக்கு நூறு துடிப்பு என்பதால் சிமிட்டலும் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்றில் ரெசிஸ்டரும் எல்இடியும் மட்டும். நான் ஆயாவுக்குக் கட்டியதேதான், அழகான மூடி போட்டு விற்றிருக்கிறார்கள்.

இரண்டாவது லைட்டுக்கு வேலை செய்யும் இடத்தில் ஒருவர் சொன்ன வழி: வரிசையில் ஒரு 1என்4007 டையோடு போடு. ஆயிரம் வோல்ட் தலைகீழாகத் தாங்கும் டையோடு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கைப்பிடி அள்ளி வாங்கலாம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். 2021-இல் இந்தப் பக்கம் மெட்ரோ ஓட ஆரம்பித்ததிலிருந்து ஒரு டையோடுக்குக்கூட ரிச்சி தெரு போகும் கெட்ட பழக்கம் வந்துவிட்டது.

4007-ஐ வரிசையில் போட்டதும் ஒரு நல்லது நடந்தது. தலைகீழ்ப் பாதியில் கரண்டே இல்லை, எனவே ரெசிஸ்டரின் சூடு பாதியானது, 0.56 வாட். எல்இடி பிழைத்ததா என்றால் பிழைத்தது. கோடை முழுக்க எரிந்தது. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. தலைகீழ்ப் பாதியில் டையோடும் எல்இடியும் இரண்டுமே மூடிய குழாய்கள். 325 வோல்ட்டை இருவரும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வார்கள்? யார் குறைவாக ஒழுகுகிறாரோ அவர் தலையில்தான் அதிகம் விழும். 4007 எல்இடியைவிடச் சற்றே அதிகம் ஒழுகினால் போதும், சுமை எல்இடிக்கு வந்துவிடும். டையோடு ஆயிரம் வோல்ட் தாங்கும் என்பது, அது ஆயிரத்தையும் தானே வாங்கிக்கொள்ளும் என்று அர்த்தமல்ல.

அளந்து பார்த்துவிடலாம் என்று 30 வோல்ட் டிசி சப்ளையில் இரண்டையும் தலைகீழாக வரிசையில் வைத்து எல்இடியின் இரண்டு காலிலும் மீட்டரை வைத்தேன். அரை வோல்ட்கூடக் காட்டவில்லை. ஆகா, எல்லாம் டையோடு மேல்தான் என்று சந்தோஷப்பட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். பாதி டீயில்தான் உறைத்தது. என் மீட்டரே 10 மெகா ஓம். ஒழுகுவது நானோ ஆம்பியர் கணக்கில். அங்கே 10 மெகா ஓம் என்பது எல்இடிக்குப் பக்கத்திலேயே இன்னொரு பைப்பைத் திறந்து வைத்த மாதிரி. மீட்டரை வைத்த நிமிஷம் எல்இடி காப்பாற்றப்படுகிறது, எடுத்த நிமிஷம் என்ன ஆகிறது என்று அந்த மீட்டரால் சொல்லவே முடியாது. அளக்கப் போனவனே காவலாளியாகிவிட்டான்.

சரியான காவல் எங்கே என்பதை அந்த மீட்டரே காட்டிக்கொடுத்துவிட்டது: எல்இடிக்கு வரிசையில் அல்ல, பக்கத்தில். எல்இடியின் இரண்டு காலுக்கும் குறுக்கே இன்னொரு டையோடு, எதிர்த்திசையில். எல்இடியின் நெகட்டிவ் கால் எதுவோ அங்கே இந்த டையோடின் பாசிட்டிவ். தலைகீழ்ப் பாதி வரும்போது இந்த டையோடு திறந்துகொள்ளும், எல்இடி மேல் 0.7 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. ஐந்து எங்கே, முக்கால் எங்கே. வரிசையில் இருக்கும் 4007-ஐ அப்படியே விட்டுவிட்டு இதையும் சேர்த்தால், சூடும் பாதி, அது ஒழுகுகிற நானோ ஆம்பியரும் பக்கத்து டையோடு வழியே போய்விடும். ரெசிஸ்டர் வைத்து எல்இடி எரிப்பவர்களுக்கு நான் சொல்லுவது இந்த இரண்டு டையோடு அமைப்பைத்தான். குறுக்கே போடுவது சின்னக் கண்ணாடி 4148 டையோடாக இருந்தாலும் போதும் என்பார்கள், அது நூறு வோல்ட் தாங்குவது. எல்இடி உயிரோடு இருக்கும்வரை அதன் மேல் மூன்று வோல்ட்தான் வரும், சரி. எல்இடி என்றைக்காவது உள்ளே அறுந்துபோனால் முழு 325-உம் அந்தக் கண்ணாடித் துண்டின் மேல். விலை வித்தியாசம் ஒன்றும் இல்லாதபோது இரண்டுமே 4007 ஆகப் போட்டுவிடுவேன். ஐம்பது ஹெர்ட்ஸுக்கு அதன் வேகம் போதும்.

ரெசிஸ்டரிலும் ஒன்று கவனிக்க வேண்டும். வாட்டை மட்டும் பார்த்து வாங்குகிறோம். ரெசிஸ்டருக்கு வோல்டேஜ் வரம்பும் உண்டு. கால் வாட் ரகம் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்குத்தான். மெயின்ஸில், அதாவது நேரடி 230 வோல்ட்டில், ஒரே ரெசிஸ்டருக்குப் பதில் 22 கிலோ ஓம் ஒரு வாட் இரண்டை வரிசையில் போடுவது நல்லது. சூடும் வோல்ட்டும் பிரியும். ஒன்று ஷார்ட் ஆனாலும் இன்னொன்று இருக்கும்.

இவ்வளவும் புரிந்தபின் ஒழுங்காக அதைச் செய்திருக்கலாம். செய்யவில்லை. பிவிசி பெட்டிக்குள் அரை வாட் சூடும் எதற்கு என்று, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டருக்குத் தாவினேன். அதுதான் மூன்றாவது லைட். ரெசிஸ்டருக்குப் பதில் 0.1 மைக்ரோ பேரட் கெபாசிட்டர். மேலே 104 என்றும் எக்ஸ்2 என்றும் 275 வோல்ட் ஏசி என்றும் அச்சிட்ட மஞ்சள் பெட்டி. எக்ஸ்2 போல மெயின்ஸுக்கென்றே செய்த ரகம் என்ற அச்சு இல்லாததை மெயின்ஸில் வைக்கவே கூடாது, சாதாரண ரகம் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். ஐம்பது ஹெர்ட்ஸில் 0.1 மைக்ரோ பேரட்டின் எதிர்ப்பு கிட்டத்தட்ட 32 கிலோ ஓம், ஆனால் சூடாகாது. 7 மில்லி ஆம்பியர் கிடைக்கும்.

பழைய போர்டில் ரெசிஸ்டரைக் கழற்றிக் கெபாசிட்டரை வைத்தேன். வரிசையில் இருந்த 4007 அப்படியே. குறுக்கு டையோடு இன்னும் போடவில்லை, முதலில் எரிகிறதா பார்ப்போமே என்ற அவசரம். சுவிட்சைப் போட்டேன். பச்சை ஒரே ஒரு தடவை கண் சிமிட்டியது. அப்புறம் இருட்டு. சுவிட்சை நிறுத்திப் போட்டேன், அந்தச் சிமிட்டலும் இல்லை. எல்இடி போச்சு என்று நினைத்து, பிளக்கை உருவிவிட்டு, போர்டைத் திருப்பி ஈயம் வைத்த பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தேன்.

விரலிலிருந்து முழங்கை வரை ஒரு இழுப்பு. போர்டு பறந்து போய் அரிசி டிரம்மில் விழுந்தது.

பிளக் கையில் இருக்கிறது, கரண்ட் எங்கிருந்து வந்தது? கெபாசிட்டரிலிருந்து. ஒருவழி டையோடு வழியாக அது உச்சி 325 வோல்ட் வரை நிரம்பிக்கொண்டது; திரும்பி வடிய வழி இல்லை. நிரம்பிய கெபாசிட்டர் அதற்கு மேல் கரண்ட் விடாது. அதனால்தான் ஒரு சிமிட்டலோடு எல்இடி அணைந்தது. எல்இடிக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறைந்த குடத்தை எடுத்து நான்தான் என் மேல் கவிழ்த்துக்கொண்டேன். 0.1 மைக்ரோ பேரட் சின்னது, அதனால் சுளுக்கோடு போயிற்று.

எனவே கெபாசிட்டர் வைத்தால் வரிசை டையோடு கூடாது, குறுக்கு டையோடு கட்டாயம். ஒரு பாதி எல்இடி வழியே போகட்டும், அடுத்த பாதி குறுக்கு டையோடு வழியே திரும்பட்டும். ரெசிஸ்டர் கட்டமைப்பில் காவலாக இருந்தது, இங்கே பாதையே அதுதான். கெபாசிட்டரின் இரண்டு காலுக்கும் நடுவில் 470 கிலோ ஓம் இரண்டை வரிசையில் வைத்தேன். பிளக்கை உருவினால் அரை நொடிக்குள் வடிந்துவிடும். வரிசையில் ஒரு 1 கிலோ ஓம் ஒரு வாட். அலையின் உச்சியில் சுவிட்ச் விழுந்தால் காலிக் கெபாசிட்டர் ஒரு கணம் வெறும் ஒயர் மாதிரி. அந்த ஒரு கிலோ ஓம் இல்லாவிட்டால் முதல் பாய்ச்சலே எல்இடியை முடித்துவிடும். இருந்தால் அந்தப் பாய்ச்சல் மூன்றில் ஒரு ஆம்பியருக்குள், அதுவும் ஒரு கணம்தான்.

எரிந்தது. பெட்டியில் கை வைத்தால் சூடே தெரியவில்லை. மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தால் வாசலிலேயே பஞ்சாயத்து. மேல்வீட்டுப் பெண், "அண்ணா, காலைலேர்ந்து தண்ணி இல்ல" என்றாள். ஆயா அவரது ஸ்டூலில் உட்கார்ந்தபடி, "லைட்டு எரியுது நைனா, ரொம்பிச்சின்னு நா ஆஃப் பண்ட்டேன். மறுக்கா போட்டா மறுக்கா எரியுது. இன்னா பண்ண சொல்ற?" என்றார்.

நான் பார்க்கும்போது எரியவில்லை. ஆயா என் கையைப் பிடித்து அருகே இழுத்து, முந்தானையால் பெட்டிக்கு நிழல் கட்டிக் காட்டினார். உள்ளே பச்சை, மின்மினிப் பூச்சி அளவுக்கு. மாடிப்படிக்குக் கீழே அந்த மூலை எப்போதும் இருட்டு, ஆயாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து பார்வை கூர்மை. டேங்க் காலி, ஃப்ளோட் கீழே தொங்குகிறது, லைட் எரிகிறது.

திரும்பும் ஒயரை லைட்டிலிருந்து கழற்றி மீட்டரை வைத்தால் 110 வோல்ட். டெஸ்டர் வைத்தால் அதுவும் எரிகிறது. ஃப்ளோட்டில் ஷார்ட் என்று முதலில் மேலே ஏறப் போனேன். அப்புறம் அந்த 110 என்ற எண்ணே சந்தேகம் தந்தது. ஷார்ட் என்றால் 230 வரும். பாதி வந்தால் அது ஒயருக்குள் நடக்கும் வேலை. இருபது மீட்டர் நீளத்துக்குப் பேஸ் கோரும் திரும்பும் கோரும் ஒட்டிப் படுத்திருக்கின்றன. நடுவில் பிவிசி. இரண்டு உலோகம், நடுவே இன்சுலேஷன் என்றால் அது கெபாசிட்டர். இந்த மாதிரிக் கேபிளில் மீட்டருக்கு 100 பிக்கோ பேரட் என்று வைத்தால் இருபது மீட்டருக்கு 2 நானோ பேரட். 230 வோல்ட்டில் அது கசியவிடுவது 0.14 மில்லி ஆம்பியர். பழைய குண்டு பல்புக்கு அது ஒன்றுமே இல்லை. இந்தக் காலத்துப் பச்சை எல்இடி அதிலும் எரியும்.

சரி, கோடை முழுக்க இரண்டாவது லைட் இருந்தபோது ஆயா ஏன் இதைச் சொல்லவில்லை? அரிசி டிரம்மில் விழுந்த போர்டுதான் பதில். வரிசையில் 4007 இருந்தபோது கேபிள் என்ற கெபாசிட்டரும் ஒரு தடவை நிரம்பி நின்றுவிட்டது, வடிய வழி இல்லை. எல்இடியைக் காப்பாற்ற நான் குறுக்கே வைத்த டையோடு அந்த வழியைத் திறந்துவிட்டது. காவலாளி வந்த அன்றுதான் பேயும் வந்தது.

விரட்ட ஒரே ஒரு ரெசிஸ்டர் போதும். எல்இடிக்குக் குறுக்கே 4.7 கிலோ ஓம். கசியும் 0.14 மில்லி ஆம்பியர் அதன் வழியே ஓடினால் ஒரு வோல்ட்டைத் தொடாது. பச்சை எல்இடி கண் திறக்க இரண்டுக்கு மேல் வேண்டும். உண்மையிலேயே ஃப்ளோட் சேரும்போது அந்த ரெசிஸ்டர் தின்பது 0.6 மில்லி ஆம்பியர்தான், வெளிச்சத்தில் வித்தியாசமே தெரியாது. போட்டேன். ஆயா முந்தானையைப் போர்த்திப் பார்த்து, "ம்" என்றார்.

இங்கே நிறுத்தியிருந்தால் மூன்று லைட்டோடு முடிந்திருக்கும். மழைக்கு முன்னால் டேங்க் கழுவ ஏறினேன். கடல் ஒரு கிலோமீட்டர் கூட இல்லை, எங்கள் மொட்டை மாடியில் செம்பு என்று எது இருந்தாலும் பச்சை பூத்துவிடும், துணிக்கம்பியே வருஷத்துக்கு ஒன்று மாற்றுகிறோம். ஃப்ளோட்டின் கேபிள் டேங்க் மூடியின் விளிம்பில் உரசி மேல் உறை தேய்ந்து, உள்ளே இருந்த பழுப்புக் கோரின் நிறம் கோடு போல் தெரிந்தது. அந்தக் கோரில் இருபத்து நாலு மணி நேரமும் 230 வோல்ட். அதற்கு ஒரு சாண் கீழே நாலு குடும்பம் குளிக்கிற தண்ணீர். நான் இத்தனை நாள் எல்இடிக்கு ஐந்து வோல்ட் தாண்டக்கூடாது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மெயினை நிறுத்திவிட்டு அன்றே அந்தக் கேபிளை அறுத்து இறக்கினேன்.

நாலாவது லைட் 12 வோல்ட். ஒரு 12 வோல்ட் 500 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். 230 போகும் பிரைமரிச் சுருளும் 12 வரும் செகண்டரிச் சுருளும் தனித்தனிக் கூட்டில் சுற்றியது. வாங்கிய உடனே பிரைமரிக்கும் செகண்டரிக்கும், பிரைமரிக்கும் இரும்புக்கும் தொடர்பு இல்லை என்று மீட்டரில் பார்த்துக்கொண்டேன். அது கீழே மோட்டார் பெட்டிக்குள்ளேயே, ஒரு சின்ன ஃபியூஸோடு. பிரைமரியை மோட்டார் சுவிட்சுக்குப் பிறகு கட்டினேன், மோட்டார் ஓடும்போது மட்டும்தான் உயிர். ஆயாவுக்கு லைட் வேண்டியது அந்த நேரத்தில்தானே. புதுக் கேபிளில் மேலே போவது 12 வோல்ட் மட்டும், அதுவும் மெயின்ஸோடு தொடர்பில்லாதது. மூடி விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன்.

பன்னிரண்டு தானே, இனி எல்இடிக்குக் காவல் எதற்கு என்று தோன்றும். சுமை இல்லாத சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பன்னிரண்டு தராது, என்னுடையது 15.6 காட்டியது. உச்சி 22 வோல்ட். ஐந்தோடு ஒப்பிட்டால் இன்னும் நாலு மடங்கு. போதாததற்கு மோட்டாரை நிறுத்தும்போது சுருளிலிருந்து கிளம்பும் உதையும் இதன் வழியாக வரும். எனவே காவல் உண்டு, ஆனால் இந்தத் தடவை டையோடு இல்லை. இரண்டு பச்சை எல்இடிகளையே எதிரெதிராகக் கட்டினேன். ஒன்று எரியும்போது அதன் மேல் மூன்று வோல்ட்தான், அதே மூன்றுதான் மற்றதன் மேல் தலைகீழாக வரும். அடுத்த பாதியில் மாறிக்கொள்ளும். வீணாகப் போன பாதி அலையும் வெளிச்சமாகிறது. வரிசையில் 2.2 கிலோ ஓம், உச்சியில் 9 மில்லி ஆம்பியருக்குள். இதில் ஒரு குறை உண்டு: ஒரு எல்இடி அறுந்தால் மற்றது காவலில்லாமல் நிற்கும். அதற்கென்று ஒரு 4007 போடலாம் என்றால், எந்தப் பக்கம் போட்டாலும் ஒரு எல்இடியை அணைத்துவிடும். ஒன்று எரியாமல் போனால் இரண்டையும் மாற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். பேய்க்காகக் குறுக்கே ஒரு 10 கிலோ ஓமும் இருக்கிறது. 12 வோல்ட்டில் கேபிள் கசிவு அற்பம்தான், ஆனால் ஆயாவின் முந்தானைப் பரிசோதனையை நான் மறக்கவில்லை.

ஈயம் வைத்த பக்கம் முழுக்க உப்புக் காற்றுக்காக நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. மூடியின் உள்பக்கத்தில் மார்க்கரில் எழுதி வைத்தேன்: 12 வோ ஏசி, 2.2 கே, எல்இடி 2 எதிரெதிர், 10 கே குறுக்கே. அடுத்துத் திறக்கப்போவது நானாகவே இருந்தாலும் எனக்கு ஞாபகம் இருக்காது.

மூன்றாவது லைட்டைத் தூக்கிப்போடவில்லை. மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, ஆயா வீட்டு ஃப்ரிட்ஜ் பிளக் பாயின்ட்டில் மாட்டிவிட்டேன். கரண்ட் போய் வந்ததா என்று கதவைத் திறந்து திறந்து பார்ப்பார், இனி வேண்டாம். அங்கே கேபிள் நீளம் அரை மீட்டர், பேய்க்கு இடமில்லை. "இது எரிஞ்சா ரொம்பிச்சின்னு அர்த்தமா?" என்று கேட்டார். இல்லை ஆயா, இது ஃப்ரிட்ஜுக்கு என்றேன். அடுத்த நாள் வந்து பார்த்தால் அந்தப் பெட்டி மேல் ஒரு குங்குமப் பொட்டும், மோட்டார் பெட்டி மேல் சுண்ணாம்பில் ஒரு சொம்புப் படமும் இருந்தன.